சதுர டோக்கன்

உத்தமபாளையம்
6.1.2025

அன்புள்ள மச்சானுக்கு ஷர்மின் எழுதுவது,

ஸலாம். இங்கே நானும் பிள்ளைகளும் மாமியும் அல்லாஹ் கிருபையால் நன்றாக இருக்கிறோம். அங்கே குளிர் குறைந்ததா? உங்கள் இருமல் எப்படி இருக்கிறது? வெள்ளிக்கிழமை போனில் இரண்டு நிமிடம் பேசினீர்கள். அதில் ஒன்றே முக்கால் நிமிடத்தைத் தௌபீக் பேசித் தீர்த்துவிட்டான். ஆகவே கடிதத்தில்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

நல்லபடியாக வந்து சேர்ந்தோம். மதுரையிலிருந்து பஸ்ஸில் ஷாஜியா என் மடியிலேயே தூங்கிவிட்டாள். வீட்டு வாசலில் செருப்பைக்கூடக் கழற்றவில்லை, மாமியிடம் போய், "நாங்க பூமிக்குள்ள போயிட்டு வந்தோம். அங்கன மழை பேயுது, ஆனா வானமே இல்ல" என்றாள். மாமிக்கு ஒன்றும் புரியவில்லை. சுரங்கத்தின் கூரையில் தண்ணீர் சொட்டும் என்று நான் விளக்கிச் சொன்னேன். "நாலு வயசுப் பிள்ளைய அங்கெல்லாமா கூட்டிட்டுப் போவாக?" என்று எனக்குத்தான் திட்டு விழுந்தது. வருடத்துக்கு ஒரு நாள் குடும்ப தினம் என்று கம்பெனியே கூட்டிப்போகிறது, நான் என்ன செய்வேன்?

உண்மையைச் சொன்னால் எனக்கும் அந்த நாள் பிடித்திருந்தது. ஷாஜியாவின் தலையில் ஹெல்மெட் நிற்காமல் நீங்கள் உள்ளே துண்டை மடித்து வைத்ததும், வண்டி குமுளி மலைப்பாதை மாதிரி வளைந்து வளைந்து, ஆனால் கீழே கீழே போனதும், தௌபீக் என் கையை விடாமல் "எனக்குப் பயமே இல்ல" என்று நாலு தடவை சொன்னதும் கண்ணிலேயே நிற்கின்றன. ஒன்பது வருடமாக நீங்கள் எங்கே போய் வருகிறீர்கள் என்று இப்போதுதான் பார்த்தேன்.

தௌபீக்கின் பள்ளிக்கூடத்தில் விடுமுறையில் பார்த்ததை வரைந்துவரச் சொன்னார்களாம். சுரங்க வாசலில் இருக்கும் டோக்கன் பலகையை வரைந்திருக்கிறான். உள்ளே போகிறவர் தன் டோக்கனை மாட்டிவிட்டுப் போக வேண்டும், வெளியே வந்ததும் கழற்ற வேண்டும், பலகையில் எவர் டோக்கன் தொங்குகிறதோ அவர் உள்ளே இருக்கிறார் என்று அர்த்தம். நீங்கள் சொன்னதை அப்படியே பிடித்து வைத்திருக்கிறான். வேலைக்காரர்களுக்கு நம்பர் போட்ட பித்தளை வட்டம், பார்வையாளர்களுக்குத் தகரச் சதுரம். வரிசை வரிசையாக வட்டம் போட்டு, ஓரத்தில் நாலு சதுரம் போட்டிருந்தான்.

"நமக்கு மூணுதானடா? நாலாவது யாருக்கு?" என்று கேட்டேன்.

"அத்தாவுக்கு. மத்த அத்தாவெல்லாம் வட்டம் மாட்டுனாக. நம்ம அத்தாவுக்கு மட்டும் நம்மள மாதிரி சதுரம் குடுத்தாகம்மா."

பிள்ளை தப்பாகப் பார்த்திருப்பான். அப்படித்தானே?

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். மாமி ஸலாம் சொல்லச் சொன்னார்கள்.

இப்படிக்கு,
ஷர்மின்


சுரங்கக் குடியிருப்பு, ராஜஸ்தான்
19.1.2025

அன்பு ஷர்மினுக்கு,

வஅலைக்கும் ஸலாம். நான் சுகம். உன் சுகமும், அம்மா சுகமும், பிள்ளைகள் சுகமும் தெரிந்து மனசு நிறைந்தது. இருமல் போய்விட்டது. நீங்கள் போனபிறகு குளிரும் போய்விட்டது, உனக்குப் பயந்து என்றுதான் நினைக்கிறேன்.

தௌபீக் பெரிய சி.ஐ.டி. ஆகப்போகிறான். அன்றைக்கு ஒரே கூட்டம், வட்ட டோக்கன் தீர்ந்துவிட்டது, கைக்கு வந்ததைக் கொடுத்தார்கள். அதைப் போய்ப் படம் போட்டிருக்கிறானே! அந்தப் படத்தை எனக்கு அனுப்பு, அறையில் ஒட்டி வைக்கிறேன்.

ஷாஜியாவின் சளிக்கு அந்தப் பழைய மருந்தையே கொடுக்காமல் டாக்டரிடம் காட்டு. நீ கேட்ட கம்பளி கிடைத்தது, ஆள் வரும்போது கொடுத்தனுப்புகிறேன். போனில் பேச்சு சரியாகக் கேட்பதில்லை. எதுவானாலும் கடிதமாகவே போடு. நானும் திரும்பத் திரும்பப் படித்துப் பார்க்கலாம்.

எல்லோருக்கும் என் ஸலாம்.

உன்
இத்ரீஸ்


உத்தமபாளையம்
2.2.2025

மச்சானுக்கு ஸலாம்.

இங்கே எல்லோரும் சுகம். ஷாஜியாவின் சளி சரியாகிவிட்டது. நீங்களும் சுகமாக இருக்க வேண்டும்.

வட்ட டோக்கன் தீர்ந்துபோக அது என்ன பஸ் டிக்கெட்டா? ஆளுக்கு ஒரு நம்பர், அந்த நம்பர் அவருக்கு மட்டும்தான், இன்னொருத்தர் தொடக்கூட மாட்டார் என்று பலகை முன்னால் நின்று பிள்ளைகளுக்குச் சொன்னது யார்? நீங்கள்தானே? எனக்குக் காது நன்றாகக் கேட்கும்.

நான் சந்தேகப் பிசாசு என்று நீங்கள் முன்பே பட்டம் கொடுத்திருக்கிறீர்கள். இருக்கட்டும். பார்த்ததைச் சொல்கிறேன், பதில் சொல்லுங்கள்.

உங்கள் பூட்ஸில் தூசி இல்லை. அங்கே வேலை செய்கிற அத்தனை பேர் பூட்ஸும் சாம்பல் பூசினதுபோல் இருந்தது, உங்களது கடையில் வாங்கிய மாதிரி இருந்தது. உள்ளே பாதை இரண்டாகப் பிரிகிற இடத்தில் நீங்கள் நின்று, அடுத்தவர் முன்னால் போகட்டும் என்று வழிவிட்டீர்கள். தினமும் போகிறவருக்கு வழி தெரியாதா? வாசலில் இருந்த பெரியவர் உங்களைப் பார்த்து இந்தியில் என்னவோ சொன்னார், நீங்கள் தலையைக் குனிந்துகொண்டீர்கள்.

அப்புறம் அந்த விளக்கு அறை. தலையில் கட்டுகிற விளக்கைக் கொடுக்கிற இடத்தில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். அதில் பச்சைச் சேலை கட்டினவள் நம் மகள் கன்னத்தைக் கிள்ளி, "ஷாஜியா" என்று கூப்பிட்டாள். நான் பெயர் சொல்லவில்லை. நீங்களும் அப்போது சொல்லவில்லை. என் மகள் பெயர் அவளுக்கு எப்படித் தெரியும்? தேனியில் நான் வாங்கிக்கொடுத்த டிபன் பாக்ஸ் அவளுக்குப் பின்னால் அலமாரியில் என்ன செய்துகொண்டிருந்தது?

போன் சரியாகக் கேட்பதில்லை என்கிறீர்கள். அங்கே பத்து நாள் இருந்தோம். என் போனில் நாலு கோடும் அசையாமல் நின்றது. போன ஜூலை வரைக்கும் தினமும் முகம் காட்டிப் பேசியவருக்கு அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைக்கு இரண்டு நிமிடம்தான் கிடைக்கிறதா?

நீங்கள் தினமும் சுரங்கத்துக்குள் போகிறீர்களா, இல்லையா? ஆமாம், இல்லை என்று ஒரு வார்த்தை போதும்.

துஆவுடன்,
ஷர்மின்


சுரங்கக் குடியிருப்பு
27.2.2025

அன்பு ஷர்மின்,

ஸலாம். நான் சுகம். பதில் போடத் தாமதமாகிவிட்டது, ஆள் குறைவு, வேலை அதிகம். அம்மாவின் முழங்கால் வலிக்குத் தைலம் கிடைத்ததா?

நோன்பு தொடங்கப்போகிறது. தௌபீக் முதல் நோன்பு வைப்பேன் என்று போனில் சொன்னான். ஏழு வயதுதான் ஆகிறது, மதியம்வரை இருந்தால் போதும், கட்டாயப்படுத்தாதே. பள்ளிவாசல் கஞ்சியை நினைத்தால் இங்கே வாயில் எச்சில் ஊறுகிறது. இங்கே நாங்கள் எட்டுப் பேர் சேர்ந்து நோன்பு திறக்க ஏற்பாடு செய்திருக்கிறோம். பேரீச்சம்பழம் நல்லது கிடைக்கிறது. பகலில் வெயில் ஏற ஆரம்பித்துவிட்டது.

நான் சுரங்கத்தில்தான் வேலை பார்க்கிறேன். இதில் என்ன சந்தேகம்?

அனைவருக்கும் ஸலாம்.

இத்ரீஸ்


உத்தமபாளையம்
14.3.2025

மச்சானுக்கு,

ஸலாம். எல்லோரும் நோன்போடு சுகம். தௌபீக் இரண்டு நோன்பு முழுதாக வைத்துவிட்டான்.

நான் கேட்டது ஒரு வார்த்தை. நீங்கள் எழுதியது பேரீச்சம்பழம்.

நேற்று தௌபீக்குக்குப் பல்வலி என்று சின்னமனூர் டாக்டரிடம் போனேன். பஸ் ஸ்டாண்டில் கர்ணன் அண்ணனைப் பார்த்தேன். உங்கள் கூடவே ஒரே துளைபோடும் மெஷினில் வேலை செய்தவர், லீவில் வந்தால் நம் வீட்டில் பிரியாணி சாப்பிடாமல் போகாதவர். கம்பெனி மாறி ஒடிசா போய்விட்டான் என்று போன ஆகஸ்டில் சொன்னீர்கள். ஒடிசாவிலிருந்து கம்பு ஊன்றிக்கொண்டு வந்திருக்கிறார். வலது கால் பேன்ட் கீழே காலியாக ஆடியது.

தௌபீக் "கர்ணன் மாமா" என்று கத்தினான். அவர் எங்களைப் பார்த்தார். நன்றாகப் பார்த்தார். பார்த்துவிட்டு, மேகமலை போகிற பஸ்ஸில் அவசரமாக ஏறிக்கொண்டார். அவர் வீடு அந்தத் திசையிலேயே இல்லை. கால் இல்லாத மனுஷன் எங்களைக் கண்டு ஓடினார் மச்சான். பிள்ளை முகம் வாடிப்போய்விட்டது. நான் நோன்போடு அந்த வெயிலில் நின்று அழுதேன்.

நீங்கள் எதையோ மறைக்கிறீர்கள். அவருக்கும் அது தெரியும். எனக்கு மட்டும் தெரியக் கூடாது. இனிமேல் நான் கெஞ்ச மாட்டேன். பரீட்சை முடிந்து பள்ளிக்கூடம் லீவு விடுவதற்குள் உண்மை என் கைக்கு வரவில்லை என்றால், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பழனிசெட்டிபட்டியில் என் அண்ணன் உமர் பாருக் வீட்டுக்குப் போய்விடுவேன். லீவுக்குப் போகிற மாதிரி இல்லை. பள்ளிக்கூடத்தையே அங்கே மாற்றிவிடுவேன். மாமியிடம் நீங்களே பேசிக்கொள்ளுங்கள்.

நோன்புப் பெருநாளுக்கு முன்கூட்டியே வாழ்த்து.

ஷர்மின்


சுரங்கக் குடியிருப்பு
4.4.2025

அன்பு ஷர்மின்,

ஸலாம். பெருநாள் நல்லபடியாகக் கழிந்ததா? பிள்ளைகள் புதுத்துணி போட்ட போட்டோ அம்மாவின் போனிலிருந்து வந்தது, பார்த்தேன். ஷாஜியா வளர்ந்துவிட்டாள்.

நீ கேட்டதற்குப் பதில்: இல்லை. நான் இப்போது உள்ளே போவதில்லை. எட்டு மாதமாக வெளியேதான் வேலை, அந்த விளக்கு அறையில்தான். விளக்குகளைச் சார்ஜ் போட்டு, பரிசோதித்து, இறங்குகிறவர்களுக்குக் கொடுப்பது, வாங்கி வைப்பது. அதனால்தான் எனக்குப் பார்வையாளர் டோக்கன். பச்சைச் சேலை கட்டினவர் ராஜமணி அக்கா, வேலூர்ப் பக்கம், பேரன் எடுத்தவர். பிள்ளைகளைப் பற்றி நான் ஓயாமல் பேசுவேன், அதனால் அவருக்குப் பெயர் தெரியும். என் டிபன் பாக்ஸ் அங்கேதான் இருக்கும். போதுமா?

தூசி ஒத்துக்கொள்ளவில்லை, நானே மாற்றிக் கேட்டேன். நீ கவலைப்படுவாய் என்று சொல்லவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

கர்ணன் விஷயத்தை விட்டுவிடு. அவனுக்கு ஒரு விபத்து நடந்தது, இந்த வேலையில் நடப்பதுதான். அவன் வீட்டுப் பக்கம் மட்டும் போகாதே. உன்னிடம் இதுவரை நான் எதையும் இப்படிக் கேட்டதில்லை. போகாதே.

அண்ணன் வீட்டுக்குப் போகிற பேச்சை விடு. பிள்ளைகளுக்கு முத்தம்.

உன்
இத்ரீஸ்


பழனிசெட்டிபட்டி
21.4.2025

இத்ரீஸ் அவர்களுக்கு,

ஸலாம். பிள்ளைகள் சுகம். விலாசத்தைப் பார்த்தாலே உங்களுக்கு விளங்கியிருக்கும்.

போகாதே என்று எழுதினீர்கள். நீங்கள் அப்படி எழுதாமல் இருந்திருந்தால் ஒருவேளை நான் போயிருக்க மாட்டேன். கடிதம் கைக்கு வந்த மறுநாளே ஷாஜியாவைக் கூட்டிக்கொண்டு சின்னமனூர் போனேன். கர்ணன் அண்ணன் வீட்டில் இல்லை, செயற்கைக் கால் அளவு கொடுக்கத் தேனிக்குப் போயிருந்தார். அவர் மனைவி ஹேமாவதி அக்கா வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் அதுவரை ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. இத்ரீஸ் வீட்டில் என்று சொன்னேன். முறத்தைக் கீழே வைத்தார்கள்.

"எதுக்கு வந்தீக? மிச்சக் கால் எம்புட்டு இருக்குன்னு பாக்கவா?"

எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொன்னேன். அல்லாஹ் மேல் ஆணையாகத் தெரியாது என்று சொன்னேன். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார்கள்.

"தெரியாதா? நல்லாருக்கே. உங்க வீட்டுக்காரரு டோக்கன கழட்டாம வெளிய போயிட்டாரு. பலகையில டோக்கன் கெடக்கவும், ஆளு உள்ளதான் மாட்டிக்கிட்டாருன்னு இவுக தேடிப் போனாக. மேல இருந்து பாறை விழுந்துருச்சு. பாதம் நசுங்கிப் போச்சு. அவரு உள்ளயே இல்ல!"

"அப்ப அவுக எங்கன இருந்தாகளாம்?" என்று கேட்டேன்.

"எவளோ ஒருத்தி கூப்பிட்டாளாம். அந்தப் போனுக்குத்தான் விழுந்தடிச்சு ஓடியிருக்காரு. இங்கன ஒருத்தன் கால் நசுங்கிக் கெடக்கான், அங்கன இவரு அவகிட்டக் கொஞ்சிக்கிட்டு இருந்திருக்காரு. நான் எம்புட்டுக் கேட்டாலும் அவ யாருன்னு இவுக சொல்ல மாட்டேங்கிறாக. சேக்காளிய விட்டுக் குடுக்க மாட்டாகளாம். இந்தா, நீங்களே கேட்டுக்கங்க உங்க வீட்டுக்காரர."

நான் படி இறங்கும்போது ஷாஜியாவின் கையில் ஒரு வாழைப்பழத்தைக் கொடுத்தார்கள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

தூசி ஒத்துக்கொள்ளவில்லையாம். நீங்களே மாற்றிக் கேட்டீர்களாம். உங்கள் வாயிலிருந்து ஒரு நிஜம் வர நான் எத்தனை கடிதம் எழுத வேண்டும்? சந்தேகப் பிசாசு என்று சிரித்தீர்களே, பிசாசு சரியாகத்தானே சந்தேகப்பட்டிருக்கிறது?

அவள் யார்? பெயர் மட்டும் எழுதுங்கள். பெயர் வந்தால் மேற்கொண்டு என்ன செய்வது என்று யோசிப்பேன். வராவிட்டால் ஜமாஅத்தில் அண்ணன் பேசுவார்.

ஷர்மின்


சுரங்கக் குடியிருப்பு
11.5.2025

அன்பு ஷர்மினுக்கு,

ஸலாம். நீயும் பிள்ளைகளும் எங்கே இருந்தாலும் சுகமாக இருக்க வேண்டும்.

மூன்று கடிதம் எழுதிக் கிழித்துவிட்டேன். இதை அனுப்பிவிடுவேன்.

ஹேமாவதி சொன்னது நிஜம். ஜூலை இருபத்து மூன்று, செவ்வாய்க்கிழமை. ஷிப்ட் முடிகிற நேரம். உள்போனில் எனக்கு அவசரம் என்று தகவல் வந்தது. மெஷினைக் கர்ணனிடம் விட்டுவிட்டு, மேலே போகிற வண்டியில் தொற்றிக்கொண்டு வந்தேன். ஒன்பது வருடத்தில் ஒரு நாள்கூட டோக்கனைக் கழற்றாமல் பலகையைத் தாண்டியதில்லை. பலகையைத் தாண்டியது கூட எனக்கு ஞாபகமில்லை ஷர்மின். போனைக் காதில் வைத்துக்கொண்டு குடியிருப்புப் பக்கம் நடந்துவிட்டேன்.

மூன்று மணிக்கு உள்ளே வெடி வைப்பார்கள். அதற்கு முன் பலகையில் ஒரு டோக்கன்கூட இருக்கக் கூடாது. என்னுடையது மட்டும் தொங்கியது. என் போனுக்கு அடித்திருக்கிறார்கள். திரும்பத் திரும்ப அடித்திருக்கிறார்கள். நான் பேசிக்கொண்டே இருந்தேன். மேலே போனவன் எதையாவது எடுக்கத் திரும்ப இறங்கியிருப்பான் என்று நினைத்து, "அவன் நிக்கிற எடம் எனக்குத்தான் தெரியும்" என்று சொல்லிக் கர்ணன் போயிருக்கிறான். நான் பேசி முடித்துத் திரும்பி வந்தபோது அவனை வெளியே கொண்டுவந்துகொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும், "அப்பாடா, நீ வெளியதான் இருக்கியா" என்றான். அந்த வலியிலும் அதைத்தான் சொன்னான்.

எனக்கு வேலைக்காக உள்ளே போக அனுமதி இல்லை. அது நியாயம். அன்றிலிருந்து போன் அடித்தால் எடுக்கவே முடிவதில்லை, அதனால்தான் உன்னைக் கடிதம் எழுதச் சொன்னேன். உன் கடிதம் வருகிற நாளெல்லாம் எனக்கு நல்ல நாள், திட்டி எழுதியிருந்தாலும் சரி.

கூப்பிட்டது யார் என்று மட்டும் கேட்காதே. அதை நான் எழுத மாட்டேன். ஜமாஅத்தில் கேட்டாலும் சொல்ல மாட்டேன். நீ அண்ணன் வீட்டிலேயே இருந்துவிடுவதாக இருந்தாலும் சொல்ல மாட்டேன். என்னை எப்படி வேண்டுமானாலும் நினைத்துக்கொள். பிள்ளைகளிடம் மட்டும் நல்லபடியாகச் சொல்லி வை.

ஸலாமுடன்,
இத்ரீஸ்


உத்தமபாளையம்
25.5.2025

என் அன்பு மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். மாமி சுகம், பிள்ளைகள் சுகம். நான் சுகம் என்று எழுதக் கை வரவில்லை. நீங்கள் அங்கே தனியாக எப்படி இருக்கிறீர்கள் என்று நினைத்தால் சோறு இறங்க மாட்டேன் என்கிறது.

தேதியை நீங்கள் எழுதியிருக்கக் கூடாது மச்சான்.

கடிதத்தைப் படித்து முடித்து, அந்தச் செவ்வாய்க்கிழமை நீங்கள் எவளோடு பேசினீர்கள் என்று கறுவிக்கொண்டு, அன்று என்னோடு பேசினீர்களா, இல்லையா என்று பார்க்க என் போனை எடுத்தேன். உங்களைப் பிடிப்பதற்காகத்தான் பார்த்தேன். 2024 ஜூலை 23. பிற்பகல் 2.11. நாற்பத்தொரு நிமிடம். நீங்கள் கடைசியாக முகம் காட்டிப் பேசிய நாள்.

எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. மறந்திருந்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது, நம் வீட்டில் அது எத்தனையோ சண்டைகளில் ஒன்று. உயிர் போகிற அவசரம் என்றால் மட்டும் கூப்பிடு என்று ஆபீஸ் நம்பரை ஒரு அட்டையில் எழுதிக் கொடுத்திருந்தீர்கள். அதை எடுத்துத்தான் கூப்பிட்டேன். இந்தி தெரியாது. "இத்ரீஸ், அர்ஜென்ட், அர்ஜென்ட்" என்று மட்டும் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் நீங்கள் மூச்சு வாங்க, "பிள்ளைக்கு என்னாச்சு?" என்று கூப்பிட்டீர்கள். பிள்ளைக்கு ஒன்றுமில்லை, இப்போதே அறைக்கு நடங்கள், போனை வைக்காமல் நடங்கள், எனக்குக் காட்டுங்கள் என்றேன். நீங்கள் நடந்தீர்கள். கதவுக்குப் பின்னால் காட்டச் சொன்னேன். கட்டிலுக்கு அடியில் காட்டச் சொன்னேன். அலமாரியைத் திறக்கச் சொன்னேன். நடுவில், "யாரோ கூப்பிட்டுக்கிட்டே இருக்காங்க, எடுத்துட்டு வாரேன்" என்றீர்கள். "எடுத்தீகன்னா அவதான்னு நெனச்சுக்குவேன்" என்று நான் சொன்னேன்.

அந்த நாற்பத்தொரு நிமிடமும் நான்தான்.

உங்கள் கடிதத்தைப் படித்த அன்று சாயங்காலமே உத்தமபாளையம் வீட்டுக்குத் திரும்பிவிட்டேன். அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பையைத் தூக்கிக்கொண்டு வந்து பஸ் ஏற்றிவிட்டார்.

மறுநாள் சின்னமனூர் போனேன். கர்ணன் அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்து புதுக் காலுக்கு ஷூ மாட்டிப் பழகிக்கொண்டிருந்தார். ஹேமாவதி அக்கா என்னைப் பார்த்ததும் உள்ளே போகத் திரும்பினார்கள். நான் நின்ற இடத்திலேயே சொல்லிவிட்டேன். "அக்கா, கூப்பிட்டவ நாந்தான்."

கர்ணன் அண்ணன் தலையைத் தூக்கவில்லை. "எனக்குத் தெரியும் தங்கச்சி. ஆஸ்பத்திரியில வச்சே அழுதுக்கிட்டே சொல்லிட்டான். ஒன் காதுக்குப் போகக் கூடாதுன்னு கையில அடிச்சு சத்தியம் வாங்கிக்கிட்டான். பஸ் ஸ்டாண்டுல ஒன்னயப் பாத்தப்ப எனக்கு என்ன செய்யன்னு தெரியல. மேகமல பஸ்ல ஏறிட்டேன், பாதி மல போயித்தான் எறங்க முடிஞ்சுச்சு."

ஹேமாவதி அக்கா திட்டுவார்கள் என்று காத்திருந்தேன். அடித்திருந்தாலும் வாங்கியிருப்பேன். அவர்கள் என் எதிரே வந்து நின்றார்கள்.

"என்னத்துக்குக் கூப்பிட்ட?"

என்ன சொல்வேன் மச்சான்? சொல்ல வேண்டியிருந்தது. அந்தக் காலை வைத்துக்கொண்டு அவர் அங்கே உட்கார்ந்திருக்கும்போது, என் வாயால் சொல்ல வேண்டியிருந்தது. "காலையில அவுக போன் பேசும்போது பின்னால ஒரு பொம்பள சிரிச்ச சத்தம் கேட்டுச்சுக்கா."

கர்ணன் அண்ணன் ஷூவின் நாடாவைக் கட்டி, அவிழ்த்து, மறுபடி கட்டினார்.

"சரி, சிரிச்சது யாரு?" என்று ஹேமாவதி அக்கா கேட்டார்கள்.

தெரியாது என்றேன். அன்றைக்கு அறையெல்லாம் காட்டச் சொன்ன கோபத்தில் அதைக் கேட்கவே மறந்துவிட்டேன் என்றேன்.

"ஒரு பாதம் போயிருக்கு," என்றார்கள். "அதையாச்சும் கேட்டுருக்கலாம்ல நீயி?"

அதற்குப் பிறகு எனக்குத் தண்ணீர் கொடுத்தார்கள். குடித்தேன். பக்ரீத்துக்கு ஊருக்கு வந்தால் அவனை இங்கே வரச் சொல்லு என்று கர்ணன் அண்ணன் சொன்னார். ஹேமாவதி அக்கா வர வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஜூன் ஏழு பக்ரீத். லீவு கேளுங்கள், வாருங்கள். நாம் இரண்டு பேரும் சேர்ந்து அந்த வீட்டுக்குப் போக வேண்டும். நீங்கள் பத்து மாதம் தனியாகச் சுமந்ததில் பாதி என்னுடையது, பாதிக்கு மேல் என்னுடையது. என்னைக் காப்பாற்ற நீங்கள் கெட்ட பெயர் வாங்கிக்கொண்டதை நினைக்க நினைக்க எனக்கு உங்கள் மேல் கோபம்தான் வருகிறது. நேரில் வாருங்கள், சண்டை போட வேண்டும்.

ஒன்று மட்டும். அன்று காலையில் சிரித்தது யார் என்று எழுதிவிடாதீர்கள். ராஜமணி அக்காவாக இருக்கும், பக்கத்து அறை டிவியாக இருக்கும், எதுவாகவோ இருக்கட்டும். எழுதினால் அது நிஜமா என்று யோசிப்பேன். யோசித்தால் மறுபடி கேட்பேன். என்னை எனக்குத் தெரியும். வந்த பிறகும் சொல்லாதீர்கள். நான் எவ்வளவு கேட்டாலும் சொல்லாதீர்கள்.

உங்கள் வரவை எதிர்பார்க்கும்,
ஷர்மின்